மொழிக்கு முதலில் வராத எழுத்துகள்

போன மாதம் சென்னையிலிருந்து என் மகன் போனில் பேசும்போது ஒரு விஷயம் சொன்னான். ஏதோ வெளிநாட்டுப் படத்துக்காக, இல்லாத ஓர் உலகத்துக்கு இல்லாத மொழி ஒன்றைச் செய்திருக்கிறார்களாம். அதற்கு இலக்கணம் இருக்கிறதாம். அதை உட்கார்ந்து படித்துத் தங்களுக்குள் பேசிக்கொள்கிறவர்களும் இருக்கிறார்களாம். "நம்ப முடியுதாம்மா உனக்கு?" என்று கேட்டான். முடிகிறது என்றேன். அவன் ஆபீஸ் போகும் அவசரத்தில் இருந்தான். அதோடு விட்டுவிட்டேன். ஆனால் அன்று முழுக்க எனக்கு வேலையில் கை ஓடவில்லை.

உங்களிடம் சொல்லலாம். நம் வயதுக்காரர்களுக்கு அந்தக் காலத்துப் பள்ளிக்கூடம் தெரியும். திக்கிப் பேசும் பிள்ளையை ஊர் என்ன பாடு படுத்தும் என்பதும் தெரியும்.

திக்கிப் பேசியவன் என் அண்ணன். என்னைவிட இரண்டு வகுப்பு மேலே படித்தான். க, ச, த, ப இந்த எழுத்துகளில் தொடங்கும் எந்தச் சொல்லும் அவனுக்கு வாய்க்குள்ளேயே பூட்டிக்கொள்ளும். கழுத்து நரம்பு புடைக்கும், கண் மேலே செருகும், வலது கால் பெருவிரல் தரையைக் கிண்டும். அப்புறம் அந்தச் சொல் வெடித்துக்கொண்டு வரும். அதற்குள் கேட்டவர் பாதித் தூரம் போயிருப்பார். அவன் பெயரே க-வில்தான் தொடங்கியது. "உன் பேரென்னலே?" என்று கேட்கிற எவரும் அவனுக்குச் சத்துருதான்.

உத்தரகோசமங்கைக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். வானம் பார்த்த பூமி. ஒரு போகம் நெல், அது போனால் குண்டு மிளகாய். அய்யா அதிகம் பேசமாட்டார். பேசினாலும் எதற்கும் முன்னால் ஒரு 'வந்து' போட்டுத்தான் தொடங்குவார். "வந்து... மாட்டுக்குத் தண்ணி காட்டியாச்சா?" "வந்து... நாளைக்குக் களையெடுப்பு." ஊரில் அது அவருடைய பழக்கம் என்று விட்டிருந்தார்கள். எங்களுக்கும் அது அய்யாவின் மீசையைப் போல அவரோடு சேர்ந்த ஒன்று.

அண்ணனுக்கு வைத்தியம் ஒன்றா இரண்டா. வசம்பைச் சுட்டு நாக்கில் தடவினார்கள். கோயில் மணியின் மேல் தண்ணீரை ஊற்றி, வழிகிறதைப் பிடித்துக் குடிக்க வைத்தார்கள். கண்மாய்க்கரையிலிருந்து கூழாங்கல் பொறுக்கிக் கழுவி வாயில் போட்டுக்கொண்டு பாடம் படிக்கச் சொன்னார் பள்ளிக்கூடத்துப் பெரிய வாத்தியார். அவன் ஒன்றை விழுங்கிவிட்டான். இரண்டு நாள் அம்மா வாழைப்பழமாகக் கொடுத்துக் காவல் இருந்தாள். இதெல்லாம் எதுவும் கேட்காதபோது அய்யாவின் கை இருந்தது. "வந்து... திமிருலே உனக்கு. ஒழுங்கா சொல்லுலே. சொல்லு." அவர் 'சொல்லு' என்று சொல்லச் சொல்ல அண்ணனின் கழுத்து இன்னும் இறுகும்.

அம்மா அடித்ததே இல்லை. அவள் வேறொன்று செய்வாள். அவன் "த்... த்..." என்னும்போதே "தண்ணியா சாமி? இந்தா" என்று செம்பை நீட்டிவிடுவாள். "ப்..." என்றால் பசி. "க்..." என்றால் காய்ச்சலா, காசா, காலில் முள்ளா என்று முகத்தைப் பார்த்தே கண்டுபிடிப்பாள். எனக்கு அது பெரிய வித்தையாகத் தெரிந்தது. அவன் வாக்கியம் ஒன்றைக்கூட அந்த வீட்டில் அவனாக முடித்ததில்லை என்பது இப்போது யோசித்துப் பார்க்கையில்தான் தெரிகிறது.

நான் நாலாம் வகுப்பில் இருந்தபோது டீச்சர் ஒருநாள் கரும்பலகையில் ண, ழ, ள, ற, ன என்று வரிசையாக எழுதிப்போட்டு, இவையெல்லாம் சொல்லுக்கு முதலில் வராது என்றார். ங-வைத் தனியாக ஓரத்தில் எழுதி, இது இருக்கிறது, ஆனால் இதை வைத்து ஒரு சொல்லும் தொடங்காது என்றார். எனக்கு அந்த எழுத்துகள்மேல் இரக்கமாகிவிட்டது. கல்யாண வீட்டில் முதல் பந்தியில் உட்காரவிடாத ஏழைச் சொந்தக்காரர்களைப் போல அவை அங்கே நின்றன. அதிலும் ங. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கேட்டேன். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தாள். "எனக்கு எழுத்தே தெரியாதுடி, எங்கிட்ட வந்து கேக்குற" என்றாள்.

அந்த வருஷம்தான் அவளுக்கு வயிற்றில் கட்டி என்று சொன்னார்கள். மதுரை ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும், அறுத்து எடுக்க வேண்டும். பரீட்சை முடிந்ததும் எங்கள் இருவரையும் மாரியூரில் இருந்த அம்மாவின் அக்கா, எங்கள் பெரியம்மா வீட்டில் விட முடிவாயிற்று. பஸ் ஏற்ற வந்தபோது அம்மா நிற்க முடியாமல் புளியமரத்து வேரில் உட்கார்ந்துகொண்டாள். "நான் வந்ததும் சொல்லிவிடுறேன். ஓடி வந்துரணும்" என்றாள். அண்ணன் என்னவோ சொல்ல வாயெடுத்தான். "சரி சாமி, சரி" என்று அவள் அவன் தலையைத் தடவினாள். பஸ் கிளம்பிவிட்டது.

மாரியூரில் பெரியப்பா உப்பளத்தில் என்ஜின் ஓட்டினார். கடலோரத்து வாய்க்காலிலிருந்து பாத்திகளுக்குத் தண்ணீர் இறைக்கும் டீசல் என்ஜின். காலையிலிருந்து பொழுது சாய்கிற வரைக்கும் அதன் பக்கத்திலேயே நின்று நின்று அவருக்குக் காது பாதி போய்விட்டது. அண்ணன் திக்குவது அவருக்குக் கேட்காது. எது சொன்னாலும் "ஆமாமா, ஆமாமா" என்று உரக்கக் கத்துவார். அண்ணனுக்கு இந்தப் பூமியில் முதலில் பிடித்துப்போன பெரிய மனுஷர் அவர்தான். என்ஜினைத் துடைப்பது, எண்ணெய் விடுவது என்று அவர் பின்னாலேயே திரிந்தான்.

எனக்கு அந்த இடத்தில் கண் கூசியது. எந்தப் பக்கம் பார்த்தாலும் வெள்ளை. வாரிக் குவித்த உப்பு அம்பாரங்களைப் பனையோலையால் மூடியிருப்பார்கள். ஓலை காற்றில் ஓயாமல் படபடக்கும். தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசினால் உதட்டை நக்கினாலே கரிக்கும். காலில் சின்ன வெடிப்பு இருந்தாலும் பாத்தித் தண்ணீர் பட்டு உயிர் போகும். பெரியம்மா ராத்திரி படுக்கும் முன் எங்கள் பாதங்களில் விளக்கெண்ணெய் தடவிவிடுவாள். அவளுக்குப் பிள்ளை இல்லை. அதனால் எங்களுக்குச் சோறு போடுவதில் அவளுக்கு ஓர் அவசரம் இருந்தது. நண்டு ரசமும் கருவாடும் இறங்கும் முன்னே அடுத்த கரண்டி வந்து விழும்.

வானம் தெளிந்த நாளில் கடலுக்குள் கறுப்பாக ஒரு கோடு தெரியும். "அது தீவு. ஆள் இல்ல, தண்ணி இல்ல, வெறும் புதருதான்" என்றாள் பெரியம்மா. ஆள் இல்லை என்றதும் நாங்கள் அங்கே ஆட்களைக் குடிவைத்துவிட்டோம். இரண்டு பேரும் அம்பாரத்து நிழலில் உட்கார்ந்து, அந்த ஜனங்கள் என்ன சாப்பிடுவார்கள், எங்கே தூங்குவார்கள் என்று பேசிக்கொண்டிருந்தோம். பேசியது நான்; அண்ணன் தலையாட்டினான். அப்போதுதான் எனக்கு டீச்சர் எழுதிப்போட்ட எழுத்துகள் ஞாபகம் வந்தன. "அந்த ஊருல எல்லாச் சொல்லும் அந்த எழுத்துலதான் ஆரம்பிக்கும்ணே" என்றேன். "நம்ம ஊருல முதல்ல வர்ற எழுத்துக்கு அங்கன முதல்ல எடம் கிடையாது."

தீவுக்கு ழானி என்று பேர் வைத்தேன். கடல், ளூவா. நண்டு, ளிக்கா. அண்ணன் சும்மா கேட்டுக்கொண்டிருந்தான். பிறகு, கண்ணை மூடிக்கொண்டு, "ணம்" என்றான்.

"ணம்னா?"

அவன் தன் நெஞ்சைத் தொட்டுக்காட்டினான். நான். "ணம்" என்று மறுபடி சொன்னான். தங்குதடை இல்லை. காலால் தரையைக் கிண்டவில்லை. அவனே அதைக் கவனித்துவிட்டான் என்பது அவன் முகத்தில் தெரிந்தது. "ணம். ணம். ளூவா. ளிக்கா. ழானி" என்று அடுக்கிக்கொண்டே போனான். எழுந்து நின்று கடலைப் பார்த்துக் கத்தினான். எனக்கு ஒன்றும் புரியவில்லை. புதுச் சொல் கிடைத்த குஷி என்று நினைத்தேன்.

பிறகு சொற்களை அவன்தான் செய்தான். எல்லாம் நாக்கை மெல்ல வளைத்துத் தொடங்கும் சொற்கள், அல்லது மூக்கில் தொடங்குபவை. க, ச, த, ப எல்லாம் சொல்லின் நடுவில் வரலாம். பேச்சு ஓடத் தொடங்கியபின் அவை அவனை ஒன்றும் செய்வதில்லை. அம்மாவுக்கு அவன் வைத்த சொல் ஙேலா. வருவது ஙோ. அதோடு ஒரு 'வி' சேர்த்தால் முடிந்துபோனது: ஙோவி, வந்தாயிற்று.

நம் பேச்சில் வினை கடைசியில்தானே வரும்? ழானியில் அது முதலில் வரவேண்டும் என்றான். "ஏண்ணே?" என்றேன். அவன் தமிழில் சொல்லத் தொடங்கி, மாட்டிக்கொண்டு, ஜாடையில் காட்டினான். முழுசாகச் சொல்லி முடிக்கும் முன்னே கேட்பவன் போய்விட்டாலும், நடந்தது என்ன என்றாவது அவனுக்குத் தெரிந்திருக்கும்.

இன்னொன்று, அந்த மொழியில் ஏவல் இல்லை. வா, போ, சொல்லு எதுவும் கிடையாது. 'வந்தால் நல்லது' என்றுதான் சொல்ல முடியும். இதில் எங்களுக்குச் சண்டையே வந்தது. ஏவல் இல்லாமல் எப்படி ஒருத்தரைக் கூப்பிடுவது என்று கேட்டேன். கூப்பிடாதே, நீயே போ என்று காட்டினான்.

மரியாதைக்கு நாம் 'ங்க' போடுகிறோம். ழானியில் மரியாதைக்குரியவரின் பேரைச் சொல்லும் முன் கொஞ்சம் நிற்க வேண்டும். எவ்வளவு பெரியவரோ அவ்வளவு நேரம் நிற்கலாம். அப்படி நிற்கும்போது கேட்பவர் சும்மா இருக்கக்கூடாது. 'ழம்' என்று சொல்லவேண்டும். இருக்கிறேன், கேட்கிறேன், அவசரமில்லை என்று அதற்கு அர்த்தம். இந்த இலக்கணம் யாருக்காக, எதற்காக உண்டாயிற்று என்று அப்போது யாராவது கேட்டிருந்தால் எனக்குப் பதில் தெரிந்திருக்காது. விளையாட்டு என்றுதான் சொல்லியிருப்பேன்.

அந்தக் கோடையில்தான் என் அண்ணனோடு எனக்குப் பழக்கம் ஏற்பட்டது என்று சொல்லவேண்டும். கூடப் பிறந்து, ஒரே பாயில் படுத்து எழுந்தவன்தான். ஆனால் அவன் இவ்வளவு பேசுவான், ஊரில் ஒவ்வொருவர் நடையையும் சொல்லிக்காட்டிச் சிரிக்கவைப்பான், ஒரு கதையை இழுத்து இழுத்துப் பயமுறுத்துவான் என்றெல்லாம் எனக்குத் தெரியாது. கணக்கு வாத்தியாரையும் ஊர்த் தலையாரியையும் ழானித் தீவில் கொண்டுபோய் இறக்கி, நண்டுகளுக்கு முன்னால் கைகட்டி நிற்கவைத்தான். நான் சிரித்து உருண்டு முதுகெல்லாம் உப்பு அப்பிக்கொண்டு வீட்டுக்குப் போவேன்.

பெரியம்மாவுக்குத்தான் கிலி பிடித்தது. "என்னடி அது பேச்சு? சாமியாடிக்கு அருள் வந்த மாதிரி பேசுறீக?" என்றாள். உப்பளத்து ஓரத்து உடைமரத்தில் ஏதோ குடியிருக்கிறது என்று அவளுக்குச் சந்தேகம். கடலோரத்துச் சிவன் கோயிலுக்கு இழுத்துப்போய்த் திருநீறு பூசிவிட்டாள். நான் அவளுக்கு விளக்கினேன்: இது பேய் இல்லை, நாங்களே செய்தது, ளிக்கா என்றால் நண்டு.

"நண்டுக்கு நண்டுன்னே சொன்னா என்ன?"

"அண்ணனுக்கு இதுதான் நல்லா வருது பெரியம்மா."

அவள் அடுப்பை ஊதப் போய்விட்டாள். சில நாள் கழித்துச் சோறு போடும்போது அண்ணன் தமிழில்தான் ஏதோ கேட்க முயன்று, "க்... க்..." என்று நின்றான். பெரியம்மா கரண்டியைப் பிடித்தபடி, அடுப்பைப் பார்த்துக்கொண்டே, தன்னையறியாமல் "ழம்" என்றாள். நானும் அண்ணனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அவன் "...கருவாடு" என்று முடித்தான். அவள் போட்டாள்.

பள்ளிக்கூடம் திறந்தும் எங்களைக் கூட்டிப்போக யாரும் வரவில்லை. ஆனி மாதத்தில் ஒரு மத்தியானம் அய்யா வந்தார். அம்மாவுக்கு அறுவை முடிந்துவிட்டது என்று சொல்ல வந்திருக்கிறார். வீட்டில் பையை வைத்துவிட்டு எங்களைத் தேடி உப்பளத்துக்கு வந்தவர், அம்பாரத்துக்குப் பின்னால் வந்து நின்றதை நாங்கள் பார்க்கவில்லை. அண்ணன் ஒரு நீண்ட கதை சொல்லிக்கொண்டிருந்தான். வலையில் சிக்கிய ஒரு திமிங்கிலம் மீன்காரிகளோடு விலை பேசுகிற கதை. அவன் குரல் ஏறி இறங்கி, வேகமாக, ஆற்று வெள்ளம்போல வந்துகொண்டிருந்தது. அவர் எவ்வளவு நேரம் நின்றாரோ தெரியாது. நான் திரும்பிப் பார்த்தபோது அவர் வாய் கொஞ்சம் திறந்திருந்தது. அந்த முகத்தில் நான் கண்டது கோபம் என்றே வெகுகாலம் நினைத்திருந்தேன்.

"வந்து... என்னலே பேச்சு இது?"

அண்ணன் எழுந்தான். வாய் பூட்டிக்கொண்டது.

"வந்து... எங்கன படிச்ச இதை? இப்ப பேசுனீல்ல, மடமடன்னு பேசுனீல்ல? அதைத் தமிழ்ல பேசுலே. பேசு!"

அண்ணனின் பெருவிரல் உப்பைக் கிண்டியது. அய்யா அடித்தார். ஒரே ஒரு அடிதான், ஆனால் அண்ணன் அம்பாரத்தின்மேல் சாய்ந்துவிட்டான். பெரியப்பா என்ஜினை அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்தார். "பிள்ளைய ஏன் தம்பி அடிக்கிறீக?" என்று கத்தினார்.

"வந்து... இதுலயே பழகிட்டான்னா நாளைக்கு ஊருக்குள்ள எப்படிண்ணே பொழைப்பான்? கடைக்குப் போயி இந்தப் பாஷையில உப்பு புளி கேப்பானா? பைத்தியம்னு கல்லெடுத்து எறியமாட்டாகளா?"

பெரியப்பாவுக்குப் பாதிதான் கேட்டிருக்கும். "பிள்ள சந்தோசமா இருக்கான் தம்பி" என்றார். அய்யா வீட்டைப் பார்க்க நடந்தார். கிளம்பும்போது பெரியம்மாவிடம், அந்தப் பேச்சு இனி இவர்கள் வாயில் வரக்கூடாது, வந்தால் வந்து கூட்டிப்போய்விடுவேன் என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் பஸ்ஸுக்கு நடந்த வழியையே பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த வயதில் ஒரு பிள்ளைக்கு எவ்வளவு வெறுப்பு கொள்ள முடியுமோ அவ்வளவையும் அந்த முதுகின்மேல் வைத்தேன்.

அண்ணன் அதன்பின் எந்த மொழியிலும் பேசவில்லை. என்ஜினைத் துடைத்தான். கூப்பிட்டால் வந்தான். கடல் பக்கம் உட்காரவில்லை. நான் பக்கத்தில் போய் ழானிச் சொற்களை மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன், எழுந்து போய்விட்டான்.

ஆடி பிறந்து கச்சான் காற்று புழுதியோடு அடித்துக்கொண்டிருந்தது. ஒருநாள் விடிந்ததும் சாயல்குடியிலிருந்து சைக்கிளில் ஓர் ஆள் வந்தார். வாசலிலேயே நின்று பெரியப்பாவிடம் என்னவோ சொன்னார். பெரியப்பாவுக்குக் கேட்கவில்லை. "என்ன? என்ன?" என்றார். அந்த ஆள் இன்னும் உரக்கச் சொல்லவேண்டியதாயிற்று. அதனால் என் அம்மா செத்துப்போனதை நான் தெருவே கேட்கும்படி ஒருவர் கத்திச் சொல்லக் கேட்டேன். அறுத்த இடத்தில் சீழ் வைத்துவிட்டதாம்.

உப்பு ஏற்றிய லாரி ஒன்று எங்கள் ஊர்ப் பக்கம் போகவிருந்தது. அதில் மூட்டைகளின்மேல் எங்களை ஏற்றினார்கள். பெரியம்மா வழியெல்லாம் மாரில் அடித்துக்கொண்டு வந்தாள். அண்ணன் லாரியின் பக்கப்பலகையைப் பிடித்தபடி நின்றுகொண்டே வந்தான்.

அம்மாவை வாசலில் கிடத்தியிருந்தார்கள். தலைமாட்டில் விளக்கு காற்றுக்கு நிற்காமல், சுற்றிச் செங்கல் வைத்து மறைத்திருந்தார்கள். அவள் முகம் சிறுத்து, மஞ்சள் பூசி, எங்கள் அம்மாவுக்கு யாரோ தங்கைபோல இருந்தாள். பெண்கள் எங்களைக் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைத்தார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அண்ணனை அம்மாவின் காலடியில் கொண்டுபோய் நிறுத்தினார்கள்.

"அழுலே. வாய்விட்டு அழுதுரு."

"அம்மான்னு கூப்பிடு சாமி. கடைசியா ஒரு தடவை கூப்பிடு."

அவன் நின்றான். ஒரு பெண் அவன் தோளை உலுக்கினாள். ஆள் மாற்றி ஆள் கூப்பிடு, கூப்பிடு என்றார்கள். அவன் வாய் திறந்தது.

"ஙோவி ணம்" என்றான். தெளிவாக, திக்காமல். வந்துவிட்டேன் நான். அதற்குமேல் நிறுத்திவிட்டான்.

எல்லோரும் அவனையே பார்த்தார்கள். அவன் நின்றுகொண்டே இருந்தான். சொல் அடைத்துக்கொண்டது என்றுதான் அத்தனை பேரும் நினைத்திருப்பார்கள். ஆனால் அவன் கழுத்து நரம்பு புடைக்கவில்லை, கால் விரல் அசையவில்லை. அது மரியாதைக்கு நிற்கிற நிற்பு. பெரிய ஆளின் பேரைச் சொல்லும் முன் நிற்பது. அவ்வளவு நீளமாக அவன் எவருக்கும் நின்றதில்லை. கேட்பவர்தான் பதில் சொல்லவேண்டும், கேட்பவள் படுத்திருந்தாள். அதனால் நான் சொன்னேன், "ழம்."

"ஙேலா" என்றான் அண்ணன்.

பெண்கள் நடுவே சலசலப்பு எழுந்தது. தாய் செத்துக் கிடக்கையில் ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை, என்னமோ உளறுகிறான், கடற்கரையில் எதுவோ அடித்துவிட்டது என்றார்கள். பெரியம்மா மட்டும் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். அய்யா தூரத்தில் வேப்பமரத்தில் சாய்ந்து நின்றிருந்தார். அவர் பார்த்தாரா, கேட்டாரா என்று எனக்குத் தெரியாது. பிறகு சங்கு ஊதினார்கள். ஆண்கள் தூக்கிக்கொண்டு போனார்கள். பெண்பிள்ளைகளைத் தெருமுனையோடு நிறுத்திவிட்டார்கள்.

ழானி அன்றோடு முடிந்துபோயிற்று. யாரும் தடுக்கவில்லை, அய்யாகூட அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அண்ணனை அவர் அதற்குப் பிறகு அடித்ததாகவும் எனக்கு நினைவில்லை. பெண்டாட்டி போன துக்கத்தில் மனுஷன் தளர்ந்துவிட்டார் என்றார்கள், நானும் அப்படியே எடுத்துக்கொண்டேன். பள்ளிக்கூடம் முடித்ததும் அண்ணன் பெரியப்பாவிடமே போய்விட்டான். என்ஜின் வேலை கற்று, சாயல்குடியில் பட்டறை போட்டு, அந்தக் கரையில் ஓடுகிற விசைப்படகுகளில் அவன் கை படாத என்ஜின் இல்லை என்னும்படி வாழ்ந்தான். இன்றைக்கும் திக்கித்தான் பேசுகிறான். ஆனால் நிறையப் பேசுகிறான். கேட்பவர்கள் நிற்கிறார்கள், என்ஜின் ஓடவேண்டுமே. அய்யா காலமாகிப் பல வருஷங்கள் ஆகின்றன. கடைசிவரை நான் அவரை ஒரு தூரத்தில்தான் வைத்திருந்தேன். பிள்ளையை அடித்தவர் என்ற கணக்கு எனக்குள் இருந்தது.

மகன் போனில் பேசிய சில நாளில், நான் இருக்கும் ராமநாதபுரத்துக்குக் கண் ஆஸ்பத்திரிக்காக வந்த அண்ணன், ஒரு கண்ணில் பச்சைத்துணி மறைப்போடு என் வீட்டில் தங்கினான். நான் கேட்டேன், "ழானி ஞாபகம் இருக்காண்ணே?"

சிரித்தான். "சொ... சொல்லெல்லாம் போச்சு பிள்ள. ரெண்டு மூணுதான் இருக்கு." கொஞ்சம் கழித்து, "அன்னைக்கு வாசல்ல நீ சொன்னது எனக்குக் கே... கேட்டுச்சு" என்றான்.

"அய்யாவுக்கும் கேட்டிருக்குமோ?"

அவன் என்னை அந்த ஒற்றைக் கண்ணால் பார்த்தான். "உனக்குத் தெரியாதா? அய்யாவும் தி... திக்குவாய்தான்."

எனக்குச் சட்டென்று எதுவும் பிடிபடவில்லை.

அவன் நிதானமாகச் சொன்னான். அவன் சொல்ல எடுத்துக்கொண்ட நேரத்தில் தெருவில் பள்ளிக்கூட வேன் வந்து பிள்ளைகளை இறக்கிவிட்டுப் போய்விட்டது. அன்று சுடுகாட்டுக் காரியம் முடிந்து ஊருணியில் குளிக்கும்போது அய்யாவே அவனிடம் சொன்னாராம். சின்ன வயதில் இப்படித்தான் இருந்ததாம். அவருடைய அய்யா நாக்கில் சூடு வைத்தாராம். ஒருநாள் தற்செயலாக 'வந்து' என்று சொல்லிப் பார்த்தபோது பின்னால் நிற்கும் சொல் கூடவே வந்துவிட்டதாம். அதைப் பிடித்துக்கொண்டுதான் கரையேறினாராம். கல்யாணம் கட்டிய அம்மாவுக்குக்கூடத் தெரியாதாம். மகனுக்கும் அதுவே வந்ததும், தன்னைக் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று நடுங்கியே காலம் போனதாம். உப்பளத்தில் அவன் மடமடவென்று பேசக் கேட்டபோது என்ன செய்வதென்று தெரியவில்லையாம்.

"இத்தனை வருசமா எங்கிட்ட ஏண்ணே சொல்லல?"

"நீ கே... கேக்கல. நானா ஆரம்பிச்சா நேரமாகும்ல."

"அன்னைக்கு எதுக்கு அவரா சொன்னாரு?"

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டான். அப்புறம் சுடுகாட்டில் நடந்ததைச் சொன்னான்.

அம்மாவின் மேல் விறகு அடுக்கி முடித்து, அவனைத் திருப்பி நிறுத்தி, பின்கையில் கொள்ளியைக் கொடுத்திருக்கிறார்கள். வைக்கும் முன் அவனுக்கு அம்மாவிடம் இன்னும் ஏதோ சொல்லவேண்டியிருந்தது. திரும்பி நின்று, ழானியில் பேசத் தொடங்கியிருக்கிறான். சுற்றி நின்ற ஆண்களுக்குப் பொறுக்கவில்லை. காற்றில் கொள்ளி அணையப் பார்க்கிறது. "என்னலே உளறுற? அணைஞ்சிரும், வையிலே" என்று ஒருவர் அவன் கையைப் பிடித்துத் திருப்பியிருக்கிறார்.

அய்யா அந்த ஆளின் கையைத் தட்டிவிட்டாராம். 'வந்து' போடவில்லையாம். ஊர் முழுக்க நிற்க, வாயைக் கோணிக்கொண்டு, கழுத்து புடைக்க, "இ... இ... இருங்கய்யா. அ... அவன் அவுக அ... அம்மாகிட்ட பே... பே..." என்று அந்தச் சொல்லிலேயே நின்றுவிட்டாராம். யாரும் அசையவில்லையாம். அவர் அதை முடிக்கவே இல்லையாம். அண்ணன் பேசி முடிக்கிற வரைக்கும் காற்றுக்குத் தன் துண்டை விரித்துக் கொள்ளியை மறைத்துக்கொண்டு நின்றாராம்.

"பே... பேசி முடிச்சேன். எனக்கு வைக்கக் கை வரல பிள்ள. அய்யா எங்கை மேல கைய வச்சாரு. மகன் இருக்கையில புருசன் தொ... தொடக்கூடாதுன்னு ஒருத்தரு சொன்னாரு. அய்யா எடுக்கல. ரெண்டு பேரும் சேந்துதான் வச்சோம்."

சொல்லிவிட்டுக் காபி கேட்டான். நான் எழுந்து அடுப்படிக்குப் போனேன். பாலை அடுப்பில் வைத்தேனே தவிர, அடுப்பைப் பற்றவைக்காமலே வெகுநேரம் நின்றிருக்கிறேன்.